லெமுவேலின் மகன் ஹார்ட்வின்

3-6-84, ஞாயிறு. ஈப்போ.

காலையிலிருந்து புழுக்கம். மழை இதோ அதோ என்று போக்குக் காட்டிவிட்டு கோப்பெங் பக்கம் போய்விட்டது. கூரை ஒழுகலைப் பார்க்க வருவதாகச் சொன்ன ஆள் இன்றும் வரவில்லை.

நேற்று வந்த தபாலை இன்றுதான் பிரித்தேன். மாணிக்கம். பதினான்கு வருடத்தில் முதல் கடிதம். அக்கா மகளுக்குச் சுங்காயில் கல்யாணமாம், 24ஆம் தேதி. இந்தியாவிலிருந்து கப்பலில் பினாங்கு வந்து, 21ஆம் தேதி வியாழன் பகல் ரயிலில் தெற்கே போகிறானாம். கடைசி வரியை அப்படியே எழுதி வைக்கிறேன்: “ரயில் ஈப்போவில் நிற்கும். இறங்குவதா வேண்டாமா என்று அங்கே வந்ததும் பார்த்துக்கொள்கிறேன்.”

அவன் எழுத்துதான். பேச்சும் அப்படித்தான்.

சரசு படித்துவிட்டு, “எறங்கலன்னா என்ன லா, நாம சுங்காய்க்குப் போய்ப் பாத்துட்டு வந்தா போச்சு” என்றாள். கட்டிக்கொண்டு பத்து வருடம் ஆகியும் அவளுக்கு முழுக் கதை தெரியாது. தெரியாமல் பார்த்துக்கொண்டவன் நான்.

மாலை, அலமாரிக்கு மேலிருந்து ரெக்கார்ட் பெட்டியை இறக்கினேன். தூசி. இரண்டு தும்மல். உள்ளே இருப்பவை:

லெமுவேல் (பெயர் மட்டும். தொப்பி போட்ட கிழவர் படம்)
லெமுவேல் அலோன்
ஃபெரி டிக்கெட் (உறை ஓரம் கரையான்)
லெமுவேல் இன் எ ஸ்மால் ரூம்

நான்கும் அப்பன் வாசித்தவை. மகன் வாசித்த ஆறும் மாணிக்கத்தோடு கப்பலேறின.

5-6-84, செவ்வாய்

அலுவலகத்தில் புதுத் தட்டெழுத்து இயந்திரம். எனக்கு இல்லை. இருமல் மருந்து வாங்க வேண்டும்.

சாயங்காலம் முதல் ரெக்கார்டைப் போட்டேன். பியானோவுக்கு அடியில் கிழவரின் முனகல் கேட்கிறது. சரசு அடுப்படியிலிருந்து, “பாட்டுக்காரருக்கு வயித்து வலியா?” என்றாள்.

சிரித்தேன். அப்புறம் நானும் மாணிக்கமும் வேலை பார்த்த தோட்டத்து ஞாபகம் வந்து உட்கார்ந்துவிட்டேன்.

அறுபத்தாறில் சின்ன துரை வேலையை விட்டு இங்கிலாந்து போகும்போது ரெக்கார்ட் பிளேயரையும் பத்து ரெக்கார்டையும் என்னிடம் கொடுத்துவிட்டுப் போனார். நான் தோட்டத்து ஆபீசில் சின்னக் கிராணி, கணக்கு எழுதும் வேலை. மாணிக்கம் ரப்பர் பால் லாரி ஓட்டினான். ஜாஸ் என்றால் என்னவென்று இரண்டு பேருக்கும் தெரியாது. துரை கேட்டார், நாமும் கேட்போம் என்று கேட்டோம். பிறகு விட முடியவில்லை. சாயங்காலம் என் குவார்ட்டர்ஸில் நாற்காலி இரண்டு, கோப்பி இரண்டு, அவன் சட்டையில் கித்தாப் பால் நாற்றம்.

ஆறு உறைகளில் எல். ஹார்ட்வின் என்று பெயர். ஒன்றின் பின்பக்கம் மட்டும் பொடி எழுத்தில் லெமுவேல் ஹார்ட்வின். நான் தினமும் செக்ரோலில் தொழிலாளர் பெயர் எழுதுகிறவன். எம். காளிமுத்து என்றால் ஆள் காளிமுத்து, எம். அவனுடைய அப்பன். ஆகவே ஆள் ஹார்ட்வின், அப்பன் பெயர் லெமுவேல். நான்தான் கண்டுபிடித்து மாணிக்கத்திடம் சொன்னேன். மற்ற நான்கும் வெறும் லெமுவேல். ஆக, அப்பனும் பியானோக்காரர்! படத்தைப் பார்த்தால் சந்தேகமே வராது. அதே மூக்கு, அதே காது. மகனுக்கு முப்பது வயது, அப்பனுக்கு அறுபதுக்கு மேல்.

மகன் வேகம். விரல் நிற்கவே நிற்காது. அப்பன் ஒரு கட்டையைத் தொட்டுவிட்டு, அடுத்ததைத் தொடலாமா என்று யோசிப்பார். மாணிக்கத்துக்குப் பொறுமை இருக்காது. “அப்பன்காரன் தூங்கிக்கிட்டே வாசிக்கிறான் மச்சான். மகன்கிட்டயாவது போய்க் கத்துக்கலாம்ல?”

எழுபதில் பங்கு பிரித்தபோது அதனால் தகராறே இல்லை. அவன் மகனை எடுத்துக்கொண்டான். எனக்கு அப்பன்.

8-6-84, வெள்ளி

இடியோடு மழை. கூரை ஒழுகுகிறது. கீழே வாளி.

ஃபெரி டிக்கெட், இரண்டாம் பக்கம். இதைத் தோட்டத்தில் முழுதாகக் கேட்டதே இல்லை. மூன்றாவது பாட்டில் கிழவர் தப்பாக வாசித்து நின்றுவிடுகிறார். ஒரு சின்னச் சிரிப்பு. “அகேன்” என்கிறார். முதலிலிருந்து வாசிக்கிறார். அந்தத் தப்பையும் ரெக்கார்டில் அப்படியே விட்டிருக்கிறார்கள். நான்கு தடவை ஊசியைத் தூக்கி வைத்துக் கேட்டேன்.

எழுதிவிடுகிறேன். இந்த நோட்டை யாரும் படிக்கப் போவதில்லை.

மாணிக்கம் தோட்டத்து லயத்து வீட்டில் பிறந்தவன். பிறப்புப் பத்திரம் யாரும் எடுக்கவில்லை. அதனால் அவனுக்குச் சிவப்பு ஐ.சி., குடியுரிமை இல்லாதவனின் அடையாள அட்டை. வேலை பெர்மிட் முடிகிற நேரம். குடியுரிமைக்கு மனு போட்டிருந்தான். இவன் இங்கே பிறந்து வளர்ந்தவன் என்று தெரிந்த இரண்டு பேர் டாப்பா குடியுரிமை ஆபீசுக்கு வந்து கையெழுத்துப் போட வேண்டும். ஒருவர் எங்கள் மண்டோர் (கங்காணி). இன்னொருவன் நான். காலை ஒன்பது மணி.

முதல் நாள் மேனேஜர் என்னைக் கூப்பிட்டு, கிராணிமார் இந்த மாதிரி விஷயங்களில் தலையிட வேண்டாம் என்றார். மிரட்டவில்லை. அப்படி ஒரு வாக்கியம் சொன்னார், அவ்வளவுதான். வேலை போனால் குவார்ட்டர்ஸும் போகும். மறுநாள் காய்ச்சல் என்று படுத்துக்கொண்டேன். நெற்றி சில்லென்று இருந்தது.

அடுத்த தேதி கிடைப்பதற்குள் பெர்மிட் முடிந்துவிட்டது. அவன், அவனுடைய அப்பா பெரியசாமி மாமா, அம்மா, மூன்று பேரும் இந்தியாவுக்குக் கப்பலேறினார்கள். ரெக்கார்டைப் பிரித்துக்கொள்ள வந்தவன், “காய்ச்சல் எப்படி?” என்று கேட்டான். வேறொன்றும் கேட்கவில்லை. தெரியும் அவனுக்கு.

9-6-84, சனி

அரை நாள் வேலை. மருந்து வாங்க மறந்துவிட்டேன்.

பழைய டவுனில் லியோங்கின் ரெக்கார்ட் கடை. ஒரு காலத்தில் ஹோட்டல் டான்ஸ் பேண்டில் பெரிய பேஸ் வாசித்தவர். மாணிக்கம் இறங்கினால் கொடுக்க மகனுடைய ரெக்கார்ட் ஏதாவது கிடைக்குமா என்று கேட்டேன். பேச்சு மலாயில்தான், தமிழில் எழுதிக்கொள்கிறேன்.

“எந்த மகன்?”

“ஹார்ட்வின். லெமுவேலின் மகன்.”

லியோங் மூக்குக்கண்ணாடியைக் கழற்றினார். “லெமுவேலுக்கு ஏது மகன்? அவர்தானே ஹார்ட்வின்.”

“அப்பா பெயர் லெமுவேல். உறையிலேயே இருக்கிறது.”

“உங்கள் ஆட்கள்தான் அப்பா பெயரை முன்னால் போடுவீர்கள். வெள்ளைக்காரன், கறுப்பன் யாரும் போட மாட்டான். முன்னால் இருப்பது அவனுடைய சொந்தப் பெயர் லா.”

வயிறு குலுங்கச் சிரித்தார். பக்கத்துத் தையல் கடைக்காரரைக் கூப்பிட்டு ஒரு தடவை சொல்லிச் சிரித்தார். எனக்குக் காது சுட்டது. பிறகு பொறுமையாக விளக்கினார். இளமையில் பெயரெடுத்த பியானோக்காரர். ஹார்ட்வின் என்று போட்டவை அப்போதைய பதிவுகள், பின்னால் மறுபடி அச்சடித்தவை. பிறகு மவுசு போய்விட்டது. சின்னக் கம்பெனிகள் வயதான காலத்தில் வெறும் லெமுவேல் என்று சிலவற்றைப் போட்டன. யாரும் வாங்கவில்லை.

“நல்லது எல்லாம் அதில்தான் இருக்கிறது,” என்றார் லியோங். “உங்களிடம் நான்கு இருக்கிறதா? விற்காதீர்கள்.”

10-6-84, ஞாயிறு

தூக்கமில்லாமல் எழுந்தேன். பதினெட்டு வருடம்! செக்ரோல் புத்தி.

நான்கையும் வரிசையாக மறுபடி போட்டேன். இப்போது வேறு மாதிரி கேட்கிறது. மகனின் அந்த வேகமான ஓட்டம் ஒன்று உண்டு, வலது கை மேலேறி மேலேறிப் போகும். ஸ்மால் ரூமில் கிழவர் அதே ஓட்டத்தைத் தொடங்குகிறார். பாதி ஏறிவிட்டு விட்டுவிடுகிறார். மீதியை நாம் மனதுக்குள் வாசித்துக்கொள்ளலாம் என்பது போல. ஏற முடியாமல் விட்டாரா, வேண்டாம் என்று விட்டாரா தெரியவில்லை. இரண்டும் ஒன்றாகிவிடும் வயதுபோலும். எனக்கு நாற்பத்து நான்கு.

இதை மாணிக்கத்திடம் சொல்ல வேண்டும். சொன்னால் விழுந்து விழுந்து சிரிப்பான். சிரிக்க வைத்துவிட்டால் மற்றதைச் சொல்வது சுலபம். அவன் இறங்க வேண்டுமே.

வாங்க: இருமல் மருந்து, ஊசி, கருவாடு (மா.வுக்குப் பிடிக்கும்), புதுத் தலையணை உறை.

21-6-84, வியாழன்

லீவு. ரயில் நாற்பது நிமிடம் தாமதம். பிளாட்பாரத்தில் ஆறு தடவை நடந்தேன்.

வந்தது. இறங்கியவர்கள் ஒரு சீனக் குடும்பம், இரண்டு போலீஸ்காரர்கள், ஒரு கன்னியாஸ்திரி. விசில் ஊதப் போகிற நேரத்தில் கடைசிப் பெட்டியிலிருந்து ஒரு பெரியவர் தகரப் பெட்டியோடு இறங்கினார். முழு நரை. ஒரு பக்கம் சாய்ந்த தோள். பார்த்ததுமே தெரிந்துவிட்டது, பெரியசாமி மாமா. ஓடிப்போய்ப் பெட்டியை வாங்கினேன்.

“மாமா, மாணிக்கம் எங்க? எறங்கலயா?”

அவர் என்னையே பார்த்தார். முன்பல் ஒன்று இல்லை.

“அப்பா செத்து எட்டு வருசம் ஆச்சுடா.”

ரயில் கிளம்பிப் போனது. இது மாமா இல்லை, மாணிக்கம்தான். என்னைவிட ஒரு வயதுதான் மூத்தவன்.

“கல்லு ஒடைக்கிற எடத்துல வேல,” என்றான். “தூசி. அதான் இப்படி.” பெட்டியைத் திரும்ப வாங்கிக்கொண்டான். “நாளைக்கு மூணு மணி பஸ்ல சுங்காய் போயிடுவேன்.”

வீட்டில் சரசு கருவாட்டுக் குழம்பு வைத்திருந்தாள். மூன்று தடவை சோறு வாங்கினான். “இந்த ருசி அங்க இல்ல தங்கச்சி,” என்றான். சாப்பிட்டதும் பாயை விரித்துப் படுத்துவிட்டான். எழுப்பிப் பேச எனக்குத் தைரியமில்லை.

22-6-84, வெள்ளி. மாலை.

காலையில் ரெக்கார்ட் பெட்டியைத் திறந்தேன். மகனுடைய ஆறும் என்னவாயிற்று என்று கேட்டேன்.

“எங்க ஊருல கரண்டே இல்ல. ஏழு வருசம் பெட்டிக்குள்ளயே கெடந்துச்சு. எடுத்துப் பாத்தா அப்பளம் மாதிரி வளஞ்சு போச்சு.”

அந்த ஏழு வருடமும் எனக்குக் கரண்ட் இருந்தது.

கதையைச் சொன்னேன், லியோங் சிரித்தது வரைக்கும். அவன் சிரிக்கவில்லை. தொப்பிக் கிழவர் படத்தை எடுத்து, கையை நீட்டித் தூரமாகப் பிடித்து ரொம்ப நேரம் பார்த்தான்.

“அப்ப இவன் அப்பன் இல்ல. அவனேதான்.”

“ஆமா.”

“நேத்து ஸ்டேசன்ல நீ என்னப் பாத்த மாதிரி.”

ஃபெரி டிக்கெட்டைப் போட்டேன். கண்ணை மூடிக் கேட்டான். தப்பாக வாசித்து நிற்கிற இடம் வந்தது. சிரிப்பு. “அகேன்.” மாணிக்கத்தின் உதடும் லேசாக அசைந்தது. இதுதான் சமயம் என்று, “மாணிக்கம், அன்னிக்கு டாப்பாவுல…” என்று ஆரம்பித்தேன்.

“அதப் பேசாத,” என்றான், கண்ணைத் திறக்காமல். “பேசுனா எந்திரிச்சுப் போயிடுவேன். கொஞ்ச நேரம் இருக்கணும்னுதான் வந்தேன்.”

இருந்தோம். நான்கு ரெக்கார்டும் கேட்டோம். கடைசியில், “தூங்கல இவன்,” என்றான். “நாமதான் கேக்கல.”

பஸ் ஸ்டாண்டில் வெயில். பஸ்ஸில் ஏறி உட்கார்ந்தவன் ஜன்னல் வழியாகக் கூப்பிட்டான்.

“நாளைக்கு டாப்பாவுல கல்யாணப் பதிவு. பொண்ணு பக்கம் சாட்சிக் கையெழுத்துக்கு ஒரு ஆளு வேணும். அக்கா என்னத்தான் கேட்டுச்சு. நான் இங்கத்து ஆளு வேணும்னு சொல்லிட்டேன்.”

“எத்தன மணிக்கு?”

“ஒம்போது.”

“வாரேன்.”

“அன்னிக்கும் வாரேன்னுதான் சொன்ன.”

கோபமாகச் சொல்லவில்லை. அதுதான் தாங்கவில்லை. பஸ் போய்விட்டது.

வீட்டுக்கு வந்து சரசுவிடம் எல்லாவற்றையும் சொன்னேன். கேட்டு முடித்துவிட்டு அலாரம் கடிகாரத்தை எடுத்துச் சாவி கொடுத்தாள். “மொத பஸ் அஞ்சரைக்கு. நானே எழுப்பி விடுறேன். காய்ச்சல்னாலும் பஸ்ல தூக்கிப் போட்டுட்டு வருவேன்,” என்றாள்.

23-6-84, சனி. டாப்பா.

மணி 7.20. ஆபீஸ் பூட்டியிருக்கிறது. படியில் உட்கார்ந்து எழுதுகிறேன். காலைப் பனி இன்னும் விலகவில்லை. ஐ.சி. சட்டைப்பையில், மூன்று தடவை தொட்டுப் பார்த்தாயிற்று. கூட்டுகிற மலாய்க்கார அம்மா, “சீக்கிரமாக வந்துவிட்டீர்களே” என்றாள். ஆமாம் என்றேன். இல்லை, ரொம்பத் தாமதம் என்று சொல்ல வாய் வந்தது.

8.05. இருமல். மருந்து இன்னும் வாங்கவில்லை.

8.30. கதவு திறந்தாயிற்று. உள்ளே போகவில்லை. ரோட்டிலிருந்து பார்த்தால் தெரிகிற படியிலேயே உட்கார்ந்திருக்கிறேன்.

8.40. வேன். பெண், மாப்பிள்ளை, அக்கா. பெண்ணுக்கு மாணிக்கத்தின் மூக்கு. கடைசியாக அவன் இறங்கினான். அந்தப் பக்கம் நின்று என்னைப் பார்க்கிறான். ரோட்டைத் தாண்டாமல் பார்த்துக்கொண்டே நிற்கிறான். முகத்தைத் துடைக்கிறான்.

வருகிறான்.

“எப்ப வந்த?”

“ஏழுக்கு.”

“தொறக்கறது எட்டரைக்குடா.”

பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டான். பேனா கேட்கிறான். ஃபாரம் நிரப்ப வேண்டுமாம். என்னிடம் இருப்பது எழுதுகிற இந்தப் பேனா ஒன்றுதா—