வளை என்று திருத்தியவனுக்கு

இன்று பிற்பகல் துணி உலர்த்தும் மணல்மேட்டில் கடுக்காயும் எருமைப்பாலும் கலந்த அந்த நாற்றம் அடித்தது. சாயம் ஏற்றுவதற்கு முன்னால் துணியை அதில்தான் ஊறப்போடுவோம். உனக்கு அது ஆகவே ஆகாது. "இந்தத் துணியக் கட்டிக்கினு சீமையில நிக்கிறவன் மூக்கு இன்னாத்துக்கு ஆவும்?" என்று கேட்டு மூக்கைப் பிடித்துக்கொள்வாய்.

அந்த நாற்றத்துக்கு நடுவே நான்கு பேர் வட்டமாக உட்கார்ந்து பாட்டுப் படித்துக்கொண்டிருந்தார்கள். என்னுடன் பட்டறையில் துணிமேல் சாயக்கோலால் பூவும் கொடியும் எழுதுகிறவர்கள். என்னையும் உட்காரச் சொன்னார்கள். ஒருவர் தாமரையைப் பற்றிப் பாடினார். இந்த உப்பங்கழியில் தாமரையை யார் கண்டது? மற்ற மூவரும் ஆகா என்றார்கள். அடுத்தவர் பாடினார், மறுபடியும் ஆகா. கடைசியில் என் முகத்தைப் பார்த்தார்கள். "நன்றாயிருக்கிறது" என்று சொல்லிவிட்டு எழுந்து வந்துவிட்டேன்.

அவர்கள்மேல் கோபமில்லை. அவர்கள் ஒரு பாவமும் அறியாதவர்கள். கோபம் உன்மேல்தான். இத்தனை வருஷத்துக்குப் பிறகும் உன்னைத் திட்டித் தீரவில்லை. அதனால்தான் ஓலையை எடுத்து உட்கார்ந்திருக்கிறேன். இது போய்ச் சேராது என்று தெரியும். தெரிந்தேதான் எழுதுகிறேன்.

நீ முதன்முதல் என்னிடம் பேசியதே குற்றம் சொல்லத்தான். மணலில் விரித்த துணிகளுக்குத் தண்ணீர் தெளித்துக்கொண்டே நான் ஒரு பாட்டை முனகிக்கொண்டிருந்தேன். நீ ஏரியிலிருந்து ஏறி வந்தாய். முழங்கால் வரைக்கும் சேறு, தோளில் ஓலைப் பறி, அதற்குள் இறால் துள்ளிக்கொண்டிருந்தது. நின்று கேட்டாய். "இன்னா எழுத்துக்காரரே, நாரை பறக்குதுனு பாடுறீங்க. நாரை எப்பிடிப் பறக்குதுனு பாத்துக்கீறீங்களா?" என்றாய். எனக்குச் சுரீரென்றது. எழுத்து அறியாதவன், கையால் சேற்றைத் துழாவி நண்டு பிடிக்கிறவன், எனக்குச் சொல்கிறான். ஆனால் மறுநாள் நான் நாரையைப் பார்த்தேன். அது பறப்பதற்கு முன்னால் நாலடி ஓடுகிறது. அதுவரை எனக்கு அது தெரியாது.

நீ பாட்டுக் கட்டும் விதம்தான் எனக்கு இன்றும் அதிசயம். இடுப்பளவு தண்ணீரில் இரண்டு கையும் சேற்றுக்குள் இருக்கும். பறியைப் பல்லால் கவ்வியிருப்பாய். பேச முடியாது, பாட முடியாது. "வாய் அடைச்சிக்கினு இருக்கறப்பதான் பாட்டு வருது. வெளிய உட முடியாது பாரு, உள்ளயே சுத்திச் சுத்தி நல்லாப் பழுத்துடும்" என்பாய். மேட்டுக்கு வந்து பறியை இறக்கியதும் கொட்டுவாய்.

நம் கூட்டில் மூன்றாவது ஆள் காசிம் பாய். சுங்கச் சாவடியில் துணிப்பொதிகளுக்கு முத்திரை வைத்துக்கொண்டிருந்தவர். ஒல்லாந்தர் கோட்டைக்கும் ஊருக்கும் நடுவே நின்று வேலை பார்த்ததாலோ என்னவோ, யார் மனதையும் நோகடிக்கத் தெரியாது. எதைப் பாடினாலும் சபாஷ் என்பார். அதற்கு நீ அவரை விட்டதே இல்லை. "பாய், நல்லாக்குதுனு சொல்லாதீங்க. எது நல்லாக்குதுனு சொல்லுங்க." இதை எத்தனை தடவை சொல்லியிருப்பாய்! பாய் தாடியைத் தடவிக்கொண்டே யோசித்து, "அந்த மூணாவது வரி, காத்து வர்ற எடம்" என்பார். அப்போது உன் முகத்தைப் பார்க்கவேண்டும். குழந்தைக்குக் கருப்பட்டி கிடைத்த மாதிரி இருக்கும்.

எனக்குப் படிப்பு இருந்தது, உனக்குக் கண் இருந்தது, பாய்க்கு மனசு இருந்தது. நம் பாட்டுகளை வேறு யாரும் கேட்டதில்லை, கேட்கவேண்டும் என்று நாம் ஆசைப்பட்டதும் இல்லை. அப்படியே விட்டிருக்கலாம்.

அந்த வருஷம் கோட்டைத் துபாசி நீங்கள் நண்டு பிடிக்க இறங்கும் தாழை ஓடையை அடைத்தான். வெள்ளைக்காரர்களுக்கும் ஊர்க்காரர்களுக்கும் நடுவே பேச்சு மாற்றிச் சொல்வதுதான் அவன் வேலை. இரண்டு பக்கத்துக்கும் அவன் நாக்குதான் வழி. கோட்டையில் என்ன சொன்னான் என்று நமக்குத் தெரியாது. வந்து நமக்குச் சொன்னது இதுதான்: ஓடை இனித் தன் குத்தகை. ஓடையின் முகப்பில் மூங்கில் நட்டுப் படல் கட்டி, நடுவில் ஒரு கதவு வைத்து, அதற்குப் பூட்டும் போட்டான். வலை வைத்திருந்தவர்கள் ஏரிக்குள் போய்க்கொண்டார்கள். கையையே வலையாக வைத்திருந்த உங்கள் ஜனத்துக்கு அந்த ஓடையை விட்டால் சேறு ஏது?

நாலு நாள் கழித்து நீ மேட்டுக்கு வந்தாய். பறி காலி. ஆனால் பாட்டு இருந்தது.

ஓடையைப் பூட்டினார், சாவியும் தன்மடியில்;
ஓடும்மீன் கேட்குமோ பூட்டை?
வாடையில் நண்டெலாம் குழிதோண்டிப் போகுது;
வாசலை எங்கேநீர் வைப்பீர்?

பாய் சபாஷ் சொல்ல மறந்துபோனார். எனக்கு மயிர்க்கூச்செறிந்தது. அதை அப்படியே சொல்லியிருந்தால் போதும். என்னால் சொல்ல முடியவில்லை. நீ எனக்கு எத்தனை குற்றம் சொல்லியிருக்கிறாய், நானும் ஒன்று சொல்லவேண்டாமா?

"குழி இடிக்கிறது" என்றேன்.

"இன்னா இடிக்குது?"

"வாடை என்று தொடங்கிவிட்டுக் குழி என்றால் மோனை எங்கே? வளை போடு. வாடையில் நண்டெலாம் வளைதோண்டி. நண்டு தோண்டுவது வளைதானே, குழியா?"

நீ அந்த அடியை உனக்குள்ளேயே சொல்லிப் பார்த்தாய். உதடு மட்டும் அசைந்தது. பிறகு தொடையில் ஓங்கி அடித்துக்கொண்டாய். "அட, நண்டோட பொழங்கறவன் நானு, எனக்குத் தோணல பாரேன்! வளைதோண்டிப் போகுது... பாய், கேட்டீங்களா? இப்பதான் நண்டு நெஜமாப் போகுது." அன்று மாலைக்குள் இருபது தடவை பாடியிருப்பாய். ஒவ்வொரு தடவையும் அந்த இடம் வரும்போது என்னைப் பார்த்துச் சிரித்தாய். உன்னிடம் நான் வாங்கிய பாராட்டு வாழ்நாளிலேயே அந்த ஒன்றுதான்.

"இது நம்ம மூணு பேருக்குள்ளயே இருக்க வாணாம்" என்றார் பாய். நானும் ஆமாம் என்றேன். உன் அக்கா முனியம்மாவிடம் பாடிக் காட்டினாய். அவள் கரையில் இறால் உலர்த்தும் பெண்களுக்குச் சொன்னாள். பத்து நாளில் மீன்சந்தை முழுக்க அந்தப் பாட்டு. துபாசியின் பல்லக்கு போனால் பின்னாலிருந்து யாராவது முதலடியை எடுப்பார்கள். இரண்டாம் அடிக்குச் சந்தையே சிரிக்கும்.

அவன் ஊரைக் கூட்டினான். சாவடிக்கு முன்னால், உச்சி வெயிலில். குரலை உயர்த்தவே இல்லை. "நல்ல பாட்டு. கட்டியவர் யாரென்று சொன்னால் சால்வை போர்த்தலாம் என்று பார்க்கிறேன்" என்றான். ஒருவரும் வாய் திறக்கவில்லை. அவ்வளவு ஜனம், ஒரு சொல் இல்லை. அன்று நம் ஊரைப் பற்றி எனக்கு ஒரு பெருமிதம் வந்தது உண்மை. உன் ஒரு பக்கம் பாய், இன்னொரு பக்கம் நான்.

அவன் தானே பாட்டைச் சொல்ல ஆரம்பித்தான். முதலடி சரியாகச் சொன்னான். இரண்டாமடியும் சரி. மூன்றாமடிக்கு வந்தான். "வாடையில் நண்டெலாம் வலைதோண்டிப் போகுது" என்றான். நிறுத்தினான். "வலைதோண்டி. என்ன பொருளோ? நண்டு வலையைத் தோண்டுமா? பாட்டுக் கட்டியவனுக்குத் தமிழ் போதாது போலிருக்கிறது."

உன் தோள் விறைத்ததை உணர்ந்தேன். உன் கையைப் பிடித்தேன். பிடித்தேன், அது உனக்குத் தெரியும். உதறிவிட்டாய்.

"வலை இல்ல சாமி. வளை!"

அட பாவி! ஊரே உனக்காக வாயைக் கட்டிக்கொண்டு நின்றது. பெண்கள் நின்றார்கள், சாவடிச் சுமைகாரர்கள் நின்றார்கள், உன் பெயர்கூடத் தெரியாதவர்கள் நின்றார்கள். உன்னால் ஓர் எழுத்தைப் பொறுக்க முடியவில்லையா? உன்னை எவனாவது திருடன் என்றால் சிரித்துக்கொண்டு போவாயே, பாட்டில் பிழை என்றால் மட்டும் உயிரைக் கொடுப்பாயா?

துபாசி சிரித்தான். "வளையா? அப்படிச் சொல்" என்றான். சேவகர்கள் வந்தார்கள்.

பிறகுதான் பாய் விசாரித்துச் சொன்னார். அந்த ஆள் வீட்டில் புலவர்களை வைத்துப் பாடல் கேட்கிறவனாம். லகரம் ளகரம் தடுமாறும் நாக்கே இல்லையாம். வேண்டுமென்றேதான் பிழையாகச் சொல்லியிருக்கிறான். பாட்டுக் கட்டுகிறவனின் பலவீனம் அவனுக்குத் தெரிந்திருக்கிறது. அவனும் நம்மைப் போலப் பாட்டு அறிந்த ஒருவன் என்பதுதான் இப்போதும் எனக்கு ஆறவில்லை.

சாவடிக் கம்பத்தில் கட்டி அடித்தார்கள். மூன்றாம் நாள் காலையில் உன்னைத் தோணியில் ஏற்றி, கடலில் நின்ற கப்பலுக்குக் கொண்டுபோனார்கள். கடலுக்கு அப்பால் ஒல்லாந்தர் ஊரான பத்தாவிக்குப் போகிற கப்பல் என்றார்கள். அக்கா கழுத்தளவு தண்ணீர் வரை தோணிக்குப் பின்னால் போனாள். நீ திரும்பி ஏதோ கத்தினாய். அலையில் கேட்கவில்லை.

அன்றிலிருந்து பாய் யாருக்கும் சபாஷ் சொன்னதில்லை. பாட்டு கேட்டாலே எழுந்து போய்விடுவார். மூன்று வருஷத்தில் அவரும் போய்ச் சேர்ந்தார்.

அடுத்த வாடைக்காலத்தில் அக்கா என் பட்டறை வாசலுக்கு வந்தாள். "நாளைக்குக் காலீல படலைப் புடுங்கப் போறோம். பொம்பளைங்க அல்லாரும் வர்றாங்க. நீயும் வா" என்றாள். எனக்குத் துணி முடிக்கவேண்டியிருக்கிறது என்றேன். அவள் என்னை மேலும் கீழும் பார்த்தாள். "மூணு பேரு ஒக்காந்து ஒரு வருசம் பேசுனீங்களே, எந்த எழுத்து வரணும், எந்த எழுத்து வரக்கூடாதுனு. அது அல்லாம் இன்னாத்துக்கு?" என்று கேட்டாள். பதிலுக்குக் காத்திராமல் போய்விட்டாள்.

மறுநாள் நான் கரைமேல் நின்று பார்த்தேன். ஐம்பது அறுபது பெண்கள் ஓடைக்குள் இறங்கி மூங்கிலை ஒவ்வொன்றாக ஆட்டி ஆட்டிப் பிடுங்கினார்கள். உன் பாட்டைத்தான் பாடிக்கொண்டு பிடுங்கினார்கள். வலைதோண்டி என்றுதான் பாடினார்கள். இன்றும் ஏரிக்கரையில் அப்படித்தான் பாடுகிறார்கள். ஒருத்திக்கும் அந்தப் பிழை உறுத்தவில்லை. சேவகர்கள் வந்தார்கள், இரண்டு பேர் மண்டை உடைந்தது, ஆனால் அத்தனை பெண்களையும் கப்பலேற்ற முடியாதே. துபாசி மறுபடி படல் கட்டினான், அவர்கள் மறுபடி பிடுங்கினார்கள். மூன்றாம் தடவை அவன் கட்டவில்லை. ஓடை திறந்துதான் இருக்கிறது. அக்கா இன்னும் அதில் இறங்குகிறாள். வழியில் பார்த்தால் என்னோடு பேசமாட்டாள்.

உன் செய்தி ஆறு வருஷம் கழித்து வந்தது. அதே கப்பலில் வேலை பார்த்த ஒருவர் சொன்னார். போன இடத்தில் இரண்டாம் வருஷமே காய்ச்சலில் போய்விட்டாயாம். "நல்ல மனுசன். ஆனா கப்பல்ல நாங்க பாய்மரம் இழுக்கறப்ப பாடுற பாட்டுக்கெல்லாம் கொறை சொல்லிக்கினே வருவான். ரெண்டு பாட்ட மாத்திக் குடுத்தான். அப்பறம் கயிறு லேசா வந்துச்சு" என்றார். நான் அவர் எதிரிலேயே சிரித்தேன். சிரித்த வேகத்தில் அழுகையும் வந்தது, ஆத்திரமும் வந்தது. அங்கேயும் உனக்குப் புத்தி வரவில்லை.

இதுவரை எழுதியதில் ஒன்றை விட்டிருக்கிறேன். இந்நேரம் நீ கவனித்திருப்பாய். அன்று சாவடியில் சேவகர்கள் உன்னைப் பிடித்த பிறகு துபாசி ஒன்று கேட்டான். "நண்டு பிடிக்கிறவனுக்கு மோனை யார் சொல்லிக்கொடுத்தது? வாடைக்கு வளை. இது படித்தவன் கை. யார் அவன்?" நான் உனக்கு ஒரு முழம் தள்ளி நின்றுகொண்டிருந்தேன். என் விரல்நுனியில் சாயக்கறை இருந்தது. கையை வேட்டிக்குள் சுருட்டிக்கொண்டேன்.

நீ என் பக்கம் திரும்பவே இல்லை. "யாரும் சொல்லல. நானே போட்டது" என்றாய்.

அடுத்தவன் சொல்லைத் தன்னுடையது என்று நீ சொன்னது அந்த ஒரு தடவைதான். ஒரு சொல்லை நான் மாற்றிக் கொடுத்தால்கூட, அடுத்தமுறை பாடும்போது "இது எழுத்துக்காரர் போட்டது" என்று நிறுத்திச் சொல்லிவிட்டுத்தான் மேலே பாடுவாய். அன்று மட்டும் எதற்கு அந்தப் பொய்? யாரைக் கேட்டுச் சொன்னாய்? நான் கேட்டேனா? அதன்பிறகு ஓர் அடிகூட என்னால் கட்ட முடியவில்லை. வாயைத் திறந்தால் முதலில் வரவேண்டியது வேறொன்றாக இருக்கிறது.

அதை இப்போது எழுதுகிறேன். அன்று கேட்ட துபாசியும் போய்விட்டான், நீயும் போய்விட்டாய், இதனால் இனி யாருக்கும் ஒன்றும் ஆகப்போவதில்லை. அந்தச் சொல் என்னுடையது.