செல்வி வறுத்த கடலை

12-2-1979, திங்கள்

இன்று ராசிபுரத்திலிருந்து செல்வியைப் பெண் பார்க்க வந்தார்கள். பலகாரத்தோடு அவள் செய்த இனிப்புக் கடலையையும் வைத்தேன். காலையில் அவளே கடலையை வறுத்துத் தோல் புடைத்து, வெல்லப்பாகு காய்ச்சி, சுக்கும் ஏலக்காயும் மிளகும் இடித்துப் போட்டுக் கிளறினாள். நான் அடுப்புப் பக்கமே போகவில்லை.

மாப்பிள்ளையின் அம்மா இரண்டு கை அள்ளித் தின்றார். "ஆருங்க செஞ்சது?" என்று கேட்டார்.

"எம் புள்ளதானுங்க" என்றேன்.

செல்வி நிமிர்ந்து பார்த்தாள். "இல்லீங்க, அம்மா செஞ்சது. எனக்குப் பாகு பதமெல்லாம் தெரியாதுங்க."

அந்தம்மா என்னை ஒரு பார்வை பார்த்தார். இந்த இடமும் போயிற்று என்றே நினைத்தேன். ஆனால் அவர் எழுந்து போய்ச் செல்வியின் கையைப் பிடித்துக்கொண்டார். "சமையல் பழகிக்கலாஞ் சாமி. பொய் சொல்லாத புள்ளதான் எங்கூட்டுக்கு வேணும்" என்றார். அப்போதே பூவும் வைத்துவிட்டார்.

அவர்கள் போனபின், "ஏம் புள்ள அப்படிச் சொன்ன?" என்று கேட்டேன்.

"சமைக்கத் தெரியாதுன்னா வேண்டாம்னு போயிருவாங்கன்னு நெனச்சேனுங்கம்மா."

பையனைப் பிடிக்கவில்லையா என்றேன். அவன்மேல் குறையில்லையாம். பிறகு எதற்கு என்று கேட்டேன். தட்டுகளை அடுக்கிக்கொண்டே, "நான் சொன்னது பொய்னு நீங்களே அவங்ககிட்டச் சொல்லிருங்க" என்றாள்.

அவள் அப்பா சந்தோஷமாகத் தூங்குகிறார். அவரிடம் எதுவும் சொல்லவில்லை. ராசிபுரம் போய் உண்மையைச் சொல்லலாம்தான். ஆனால் அந்தம்மா நம்புவாரா? அவரைப் பொறுத்தவரை பொய் சொன்னவள் நான்.