பூட்டாமல் வைத்த நட்டு

மாப்ளே,

இன்று காலை ஒரு பெயிண்ட் டப்பா எடுக்கக் கடைக்குப் பின்னாலிருக்கும் நம் ஷெட்டைத் திறந்தேன். மண்ணெண்ணெயும் துருவும் கலந்த வாசம் முகத்தில் அடித்தது. உன் சட்டை வாசம். வந்த வேலையை மறந்து அங்கேயே உட்கார்ந்துவிட்டேன்.

சைக்கிளில் சாக்கு விற்று, காரைக்காலில் இரும்புக்கடை வைத்தவன் நான். லாபம் இல்லாத இடத்தில் நிற்க மாட்டேன். அந்தப் புத்தியைக் கெடுத்தவன் நீ. கிளிஞ்சல்மேட்டில் வலையும் படகு எஞ்சினும் பார்த்துவிட்டு ஞாயிற்றுக்கிழமையானால் வந்துவிடுவாய். எடைக்கு வந்த பழைய வைஸ் (இரும்பைக் கவ்விப் பிடிக்கும் இடுக்கி), கையால் சுற்றித் துளை போடும் மெஷின் என்று ஒவ்வொன்றாகக் கழுவி ஓட வைத்தோம். விற்கலாமா என்றால், "ஏன் மொதலாளி, ஒன்னய எடைக்குப் போட்டா என்னா தேறும்?" என்பாய்.

நெரவியில் வயலுக்குத் தண்ணீர் இறைத்த டீசல் எஞ்சின்தான் நாம் கடைசியாகத் தொட்டது. நட்டுகளை நீ டப்பாவில் போட மாட்டாய். கழற்றக் கழற்ற வலை நூலில் கோத்து, ஒவ்வொன்றுக்கும் ஒரு முடிச்சுப் போடுவாய். "கருவாட்டுக்கா கோக்குறே?" என்று கேலி செய்வேன். "கடசியா கழட்டுனது மொதல்ல ஏறும். நூல் சொல்லும், நீ கேளு" என்பாய். அடுத்த வாரம் பூட்டலாம் என்று அந்தச் சரத்தை ஆணியில் மாட்டிவிட்டுப் போனாய். வாரத்தின் நடுவில் நெஞ்சுவலி. நான் ஆஸ்பத்திரிக்கு ஓடி வந்தபோது உன்னைத் துணி போர்த்தி வெளியே கொண்டுவந்துவிட்டார்கள்.

வெகுநாள் அந்த எஞ்சினைத் தொடவில்லை. "பிரிச்சுத்தானே கெடக்கு, எடைக்கே குடுங்க" என்று ஒருவர் வந்து கேட்டார். எனக்கு வாயில் விலை வரவில்லை. பூட்டினால் எஞ்சின் பிழைக்கும், உன் முடிச்சுகள் போய்விடும். விட்டால் இந்த ஊர் உப்புக்காற்று இரண்டையும் தின்றுவிடும்.

போன மாதம் மனதைக் கல்லாக்கிக்கொண்டு உட்கார்ந்தேன். ஒரே இழுப்பில் அவிழும் முடிச்சு. அவிழ்க்க அவ்வளவு சுலபமாக இருந்ததைத்தான் தாங்க முடியவில்லை. கடைசியில் ஒன்று மிஞ்சியது, நீ முதலில் கழற்றிய மேல்மூடி நட்டு. அந்த முடிச்சை அவிழ்க்கக் கை போகவில்லை. கடையிலிருந்து புதிது ஒன்றை எடுத்துப் பூட்டினேன்.

உன் வீட்டுக்காரியை வரச் சொன்னேன். நான் ஹேண்டிலைச் சுற்ற வேண்டும், வேகம் பிடித்ததும் இன்னொருவர் அழுத்திப் பிடித்திருக்கும் லிவரை விட வேண்டும். உன் இடத்தில் தங்கச்சி நின்றது.

"எப்பண்ணே வுடணும்?"

"நான் கத்துறப்ப."

புகையைக் கக்கிக்கொண்டு எஞ்சின் எடுத்தது. தங்கச்சி அதன்மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டு வெகுநேரம் நின்றது. நிறுத்தியபிறகுதான் கேட்டது.

"அது ஒண்ணு மட்டும் ஏண்ணே புதுசா மின்னுது?"

"பழசு காணாமப் போச்சும்மா."

"அவங்க கோத்து வச்சதா? காணாமப் போவாதேண்ணே."

சட்டைப்பையிலிருந்து நூலோடு எடுத்து நீட்டினேன். தங்கச்சி அந்த முடிச்சை விரலால் தடவிப் பார்த்தது. பிறகு என் கையிலேயே வைத்து மூடியது.

"நீங்களே வச்சுக்குங்க. வூட்ல கெடக்குற வல பூரா அவங்க முடிச்சுதான்."

பையில்தான் இருக்கிறது, மாப்ளே. விலை பேசும்போது சில சமயம் கை தானாக அங்கே போய்விடுகிறது. அப்படிப் போனால், எதிரில் நிற்பவர் கேட்ட விலைக்கே சரக்கைக் கொடுத்து அனுப்பிவிடுகிறேன்.