உதடு வரை வந்த கரண்டி

அம்மாவுக்கு,

உன் முட்டிவலி தேவலையா? செங்கல்பட்டில் நான் சுகம்.

திருக்கழுக்குன்றத்திலிருந்து வாயால் சாப்பிடும் பயிற்சிக்கு என்னிடம் வரும் ஹேமந்துக்கு ஒன்றரை வயது. பல மாதம் மூக்குக் குழாயில் பால் குடித்தவன், கரண்டியைக் கண்டாலே அலறுவான். ஆறு வாரம் பழக்கினேன். திங்களன்று அவனே கரண்டியைப் பிடித்து உதட்டில் வைத்தான்.

நேற்று நான் கை கழுவித் திரும்புவதற்குள் அவன் அத்தை அவனைக் காலில் கிடத்தி, மூக்கைப் பிடித்து, பாலாடைச் சங்கால் கஞ்சியை ஊற்றிவிட்டாள். புரையேறியது. கவிழ்த்துத் தட்டினேன். இப்போது நலம், பயப்படாதே.

"இன்னா மேடம், ஆறு வாரமா வெறும் ஸ்பூன வச்சி வெளாடிகினு கீறீங்க. எங்க அக்கா ரெண்டே நிமிஷத்துல ஊத்திச்சி பாருங்க," என்று சிரித்தார் அவன் அப்பா.

"வெளியே போங்க" என்று கத்தினேன். அதில் எனக்கு வருத்தமே இல்லை. இன்று என் வெறுங்கையைப் பார்த்தே அவன் வாயை மூடிக்கொண்டான்.

எனக்கும் அப்படித்தான் ஊற்றியதாகப் பெருமையாகச் சொல்வாய். இனி சொல்லாதே.

நம் வீட்டிலிருக்கும் குழியில்லாத தட்டையான கரண்டியை அனுப்பு; அவனோடு முதலிலிருந்து தொடங்க வேண்டும். கொஞ்சம் பருப்புப்பொடியும்.

அடுத்த குழந்தை வந்துவிட்டது. ஃபோனை எடுத்ததும் "சாப்பிட்டியா" என்று கேட்காதே. தினமும் பொய் சொல்ல வேண்டியிருக்கிறது.

தேன்மொழி