ரஷீதாவின் ஸ்கேன்

தாராவி,
12-3-1987

அன்புள்ள மச்சான் அவர்களுக்கு, சைனப் எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். சவூதியில், தம்மாமில் நீங்கள் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். இங்கே சுகம் என்று எழுத இந்த முறை கை வரவில்லை.

உங்கள் கடிதம் நேற்று வந்தது. நம் மகளின் உடம்பு எப்படி இருக்கிறது என்று ஒரு வரி இல்லை. கேட்டிருப்பது ஒன்றே ஒன்று. அதைத் திரும்ப எழுதவே கூசுகிறது. இல்லை மச்சான், அப்படி எதுவும் இல்லை.

வயிற்றுவலியும், வெளிக்குப் போகும்போது ரத்தமும் நிற்காததால் போன மாதம் டாக்டர் சயான் ஆஸ்பத்திரியில் ஸ்கேன் எடுக்கச் சொன்னார். அங்கே பெஞ்சு முழுக்கப் பிள்ளைத்தாய்ச்சிகள். நடுவில் ரஷீதா. மருமகளைக் கூட்டி வந்திருந்த பக்கத்து வீட்டுப் பேராச்சி, எத்தனை மாசம் என்று ரஷீதாவிடமே கேட்டுவிட்டாள். நோயை வெளியே சொல்லாதே, நிச்சயம் செய்த சம்பந்தம் கெட்டுவிடும் என்று நீங்கள்தானே எழுதியிருந்தீர்கள். வாயை மூடிக்கொண்டு நின்றேன்.

நாங்கள் வீடு வருவதற்குள் கதை சந்து முழுக்கப் போய்விட்டது. ஆண்டாப் ஹில் மாப்பிள்ளை வீட்டார் நிச்சய மோதிரத்தைத் திருப்பி அனுப்பிவிட்டார்கள். தம்மாம் வரைக்கும் அந்தக் கதையைக் கொண்டுபோன மகராசன் யாரென்று எனக்குத் தெரிய வேண்டாம்.

ஸ்கேனில் தெரிந்தது குடல். வயிற்றில் களிம்பைத் தடவிக் கருவியை நகர்த்தியதும் டிவிப் பெட்டியில் சாம்பல் நிறமாக என்னவோ அசைந்தது. குடல் சுவர் வீங்கித் தடித்திருக்கிறது, வழி குறுகிவிட்டது என்றார் டாக்டர். மாத்திரை தந்திருக்கிறார். வீக்கம் வற்றுகிறதா என்று அடுத்த மாதம் மறுபடி ஸ்கேனில் பார்க்க வேண்டும். வற்றாவிட்டால் ஆபரேஷன். கவனிக்காமல் விட்டால் குடல் அடைத்துக்கொள்ளுமாம், உயிருக்கு உத்தரவாதம் இல்லையாம்.

அவள் வர மாட்டேன் என்கிறாள். அந்தப் பெஞ்சில் இனி உட்கார மாட்டாளாம். மாத்திரை அப்படியே கிடக்கிறது. வயிறு உப்பித் தெரியக் கூடாதென்று சோற்றையும் தள்ளிவிடுகிறாள். கை வளையல் முழங்கை வரை ஏறுகிறது. உங்கள் கடிதத்தை அரிசி டின்னுக்குள் ஒளித்து வைத்தேன், எடுத்து எழுத்துக்கூட்டிப் படித்துவிட்டாள். தமிழ் படிக்க வராத பிள்ளை, அந்த ஒரு வரியை மட்டும் பிழையில்லாமல் படித்திருக்கிறாள்.

எனக்கு உங்கள் மேல் கோபம்தான். இனி அவளுக்குக் கடிதம் வேண்டாம். பெருநாளுக்குப் பேசி அனுப்புவீர்களே, அதுபோல ஒரு கேசட்டில் பேசி, பம்பாய் வருகிற யாரிடமாவது கொடுத்துவிடுங்கள். என்னை விசாரிக்க வேண்டாம். அவள் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டு, வாப்பா உன்னை நம்புகிறேன், ஸ்கேனுக்குப் போ என்று மட்டும் சொல்லுங்கள்.

அல்லாஹ் உங்கள் குரலைச் சீக்கிரம் கொண்டுவந்து சேர்க்கட்டும், அவள் கேட்கிற நிலையில் இருக்கும்போதே.

இப்படிக்கு,
உங்கள் சைனப்