மூணு போட்டா ஆறு

என் தங்கையைக் கட்டிக்கொண்டு எனக்கும் தம்பியாகிப் போன டில்லி மாப்ளைக்கு,

உனக்கு ஒரு மெயில் வந்திருக்கிறது. நீ போய் ஒன்றரை வருஷம் கழித்து வந்திருக்கிறது. இருந்தபோது தினமும் போனைத் திறந்து பார்த்து, "இன்னும் ஒண்ணியும் காணோம் மச்சான், நம்மள மன்சனாவே மதிக்க மாட்றானுங்க" என்று திட்டிக்கொண்டிருந்தாயே, அதே மெயில்தான். பதில் போட ஆள் இல்லை என்று நான் எழுதுகிறேன்.

முதலில் வீட்டுச் செய்தி. பாப்பா மூன்றாம் வகுப்புக்குப் போய்விட்டாள். உன்னை மாதிரியே எதைக் கொடுத்தாலும் பிரித்துப் பார்க்கிறாள். போன வாரம் கரண்ட் பார்க்கிற என் டெஸ்டர் போயிற்று. தங்கச்சி கஸ்தூரி இப்போது வேலைக்கு வருகிறாள். எங்கள் பிரஸ் ஷாப்பில் நான்தான் சொல்லிச் சேர்த்துவிட்டேன். ஐந்து பிரஸ்ஸில் அவள் கேட்டு வாங்கியது மூன்றாம் நம்பர். நீ புரோகிராம் எழுதிய மெஷின் ஆயிற்றே. "அவரு கை பட்ட மிஷினு, எனுக்கு இன்னா ஆவப் போவுது" என்றாள். அதைக் கேட்டபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

இந்தக் கடிதத்தை வேறு சிலரும் படிப்பார்கள். ஒரகடம் பக்கம் ஃபேக்டரிகளில் வேலை செய்கிறவர்கள் படித்தால் நல்லது. அவர்களுக்காக உனக்குத் தெரிந்ததையே கொஞ்சம் சொல்கிறேன், பொறுத்துக்கொள். அது தகடு அடிக்கிற பிரஸ். முன்னால் ஒரு வலைக்கதவு. உள்ளே துண்டுத் தகடு சிக்கினால், ஸ்டாப் பட்டனை அமுக்கி, கதவின் பூட்டு தானாக விடும்வரை நின்று, பிறகு திறந்து கொக்கியால் எடுக்க வேண்டும். பிரேக் தேய்ந்த பழைய மெஷின். பட்டனை அமுக்கிய பிறகும் மேலே இருக்கிற டை, அந்த இரும்பு அச்சு, சில சமயம் ஒரு தடவை இறங்கி ஏறித்தான் நிற்கும். அதற்கு ஐந்து வினாடி வரை ஆகும். அதனால் ஆறு வினாடி கழித்துப் பூட்டு விட்டால் போதும் என்று நீ கணக்குப் போட்டாய். ஆனால் புரோகிராமில் நீ எழுதியது ஆறு இல்லை, மூன்று.

அன்றைக்குக் கன்ட்ரோல் பேனலுக்குள் டார்ச் அடித்துக்கொண்டு உன் பக்கத்தில் நின்றவன் நான். "இன்னா மாப்ள, மூணுன்னு போட்டுக்கீறே?" என்று கேட்டேன்.

"நாம எழுதறத மிஷினுக்குப் புரியறாப்போல மாத்திக் குடுக்கறது கம்பைலரு. அதுகூடவே டைமரு, கவுன்ட்டருன்னு ரெடிமேடா ஒரு மூட்டை வரும், அது லைப்ரரி. அந்த டைமர்ல ஒரு கோளாறு கீது மச்சான். ரெண்டு டைமரை ஒண்ணாப் போட்டா ரெண்டாவது பாதி ஸ்பீடுலதான் ஓடுது. மூணு போட்டா ஆறு ஆவுது."

"அப்போ வேற மாதிரி எழுதேன்."

"இதே பிளாக்க பத்துப் பன்னண்டு கம்பெனில போட்டுட்டேன். கம்பைலர்காரனுக்கு எழுதிப் போட்டுக்கீறேன், சரி பண்ணுவான். அன்னிக்கு நானே வந்து எல்லாத்தையும் ஆறா மாத்திடறேன்."

புரோகிராமுக்குள்ளேயே ஒரு குறிப்பு எழுதி வையேன் என்றேன். தமிழில் எழுதினால் அந்தக் கம்பைலர் திணறும், இங்கிலீஷில் எழுதினால் நீ திணறுவாய். இரண்டும் வேண்டாம் என்று என் பாக்கெட்டில் இருந்த மார்க்கர் பேனாவைப் பிடுங்கி, பேனல் கதவின் உள்பக்கம் எழுதினாய். "3 போட்டா 6 ஆவும். டில்லியக் கேக்காம தொடாதே." கீழே உன் போன் நம்பர். எலக்ட்ரீஷியன்கள் எல்லோரும் செய்வதுதானே. ஒயர் நம்பரிலிருந்து டீக்கடைக்காரர் நம்பர் வரை பேனல் கதவில்தான் இருக்கும்.

பிறகு உனக்கு டெங்கு வந்தது. ஐந்தே நாள்.

இனி சொல்லப்போவதை நான் யாரிடமும் சொன்னதில்லை. உன் காரியம் முடிந்து நாலைந்து மாதம் இருக்கும். மெஷின்களைப் பார்க்கக் கம்பெனிக்கு ஆடிட் வந்தது. பேனலுக்குள் கையால் எழுதிய ஒரு எழுத்துகூட இருக்கக் கூடாது என்றார்கள். தின்னரையும் பனியன் துணியையும் எடுத்துக்கொண்டு போனவன் நான். மூன்றாம் நம்பர் பேனலைத் திறந்ததும் உன் கையெழுத்து. நின்றுகொண்டே அழுதேன். அழுதேனே தவிர, என்ன எழுதியிருக்கிறது என்று நான் படிக்கவில்லை மாப்ளே. உன் எழுத்து என்று மட்டும்தான் பார்த்தேன். ஒரு போட்டோ எடுக்கத் தோன்றவில்லை. துடைத்துவிட்டேன். ஆடிட்டர் அந்தப் பேனலைப் பார்த்து என் முதுகில் தட்டிக்கொடுத்தார்.

மூன்று வாரத்துக்கு முந்தைய ஞாயிற்றுக்கிழமை எல்லா மெஷின் புரோகிராமையும் கம்பைலரின் புது வெர்ஷனில் போட்டு ஏற்றினார்கள். நம்மிடம் பாகம் வாங்குகிற பெரிய கம்பெனியின் உத்தரவு. நீ செய்த வேலைக்கு இப்போது ஜெபா என்று ஒரு பெண் வருகிறது. திருநெல்வேலிப் பக்கம். சிங்கப்பெருமாள் கோவில் ஸ்டேஷனில் ரயிலை விட்டு இறங்கி, ஷேர் ஆட்டோவில் மடியில் லேப்டாப்பைக் கட்டிப்பிடித்துக்கொண்டு வந்துவிடும். நல்ல பிள்ளை, வேலை சுத்தம். உன் புரோகிராமை எடுத்துப் புதுக் கம்பைலரில் போட்டது.

"ஒரு வார்னிங்கூட வரலண்ணே. முன்னால எழுதினவங்க நல்லா எழுதியிருக்காங்க," என்றது.

"புதுசுல இன்னாம்மா மாத்திக்கீறாங்க?"

"பெருசா ஒண்ணுமில்லண்ணே. லைப்ரரில கொஞ்சம் மேம்பாடு, கொஞ்சம் பிழைத் திருத்தம். நாள்பட்ட கோளாறுக பலதைச் சரி பண்ணியிருக்காங்க."

நல்லதும்மா என்று சொன்னேன். மெயின் மோட்டாரை ஓட்டாமல் சோதனை நடந்தது. ஸ்டாப் பட்டனை அமுக்கினால் பூட்டு விடுகிறதா, விடுகிறது. டிக் அடித்தோம். எத்தனை வினாடியில் விடுகிறது என்று யாரும் எண்ணவில்லை. நானும் எண்ணவில்லை. உன்னோடு டார்ச் பிடித்து நின்ற எனக்கே மூன்றும் ஆறும் மறந்து போயிருந்தது.

மறுநாள் திங்கட்கிழமை, காலை ஷிஃப்ட். டீ நேரத்தில் கேன்டீனில் கஸ்தூரி என் எதிரில் வந்து உட்கார்ந்தாள். முகத்தில் ரொம்ப நாள் கழித்து ஒரு தெளிச்சி.

"அண்ணா, கதவு இன்னிக்கு டக்குனு தொறக்குது. முன்ன மாரி நின்னுக்கினே இருக்க வேணாம். சூப்பர்வைசர் வந்து பாத்துட்டு, இன்னாம்மா இன்னிக்கு பீஸ் கவுண்ட் ஏறிக்கீதுன்னு கேட்டாரு."

"பரவால்லியே," என்றேன். டீயை ஊதிக் குடித்தேன். அது கெட்ட செய்தி என்று என் மூளைக்கு எட்டவே இல்லை.

அப்போதுதான் அவள் உன் போனை எடுத்து நீட்டினாள். உன் நம்பரை அவள் இன்னும் வைத்திருக்கிறாள். ஷாப்புக்குள் போன் கூடாது, லாக்கரில் வைத்து டீ நேரத்தில் எடுப்பாள். "அவரு பேருக்கு இங்கிலீஷ்ல இன்னாவோ வந்துக்கீது. படிச்சுச் சொல்லு, நா போறேன், டைம் ஆச்சு," என்று சொல்லிவிட்டு எழுந்து போய்விட்டாள்.

என் இங்கிலீஷ் உனக்குத் தெரியும். இரண்டு தடவை படித்தேன். நீங்கள் தெரிவித்த டைமர் குறை இந்தப் பதிப்பில் நீக்கப்பட்டது, உங்கள் பொறுமைக்கு நன்றி என்று போட்டிருந்தது. பொறுமையாம். உயிரோடு இருந்தால் நீ விழுந்து விழுந்து சிரித்திருப்பாய். உனக்குப் பதிலாக நான் சிரிக்கத்தான் போனேன். டைமர் என்ற வார்த்தையில் மறுபடி கண் போய் நின்றது. டார்ச் வெளிச்சம் ஞாபகம் வந்தது. பிறகு தின்னர் வாசனை. பிறகு கதவு டக்கென்று திறக்குது என்று அவள் சொன்னது.

கோளாறை எடுத்துவிட்டார்கள். இனி மூன்று போட்டால் மூன்றுதான்.

ஷாப்புக்குள் ஓடக் கூடாது என்று போர்டு மாட்டியது நான்தான். அதற்குக் கீழேயே ஓடினேன். மூன்றாம் நம்பருக்கு முன்னால் கஸ்தூரி நின்றுகொண்டிருந்தாள். பட்டனை அமுக்கியாயிற்று, பூட்டு விட்டாயிற்று, கதவு திறந்திருந்தது. கொக்கியை உள்ளே விட்டு, அதன் பின்னாலேயே கையை நீட்டிக் குனிந்துகொண்டிருந்தாள். "கஸ்தூரி, கையி" என்று கத்தினேன். அவள் கொக்கியை விட்டுவிட்டுத் திரும்பினாள். அவள் முதுகுக்குப் பின்னால் டை அவசரமே இல்லாமல் இறங்கி, கொக்கியைத் தகடாக்கிவிட்டு மேலே ஏறி நின்றது.

காலையிலிருந்து அந்தக் கதவைப் பதினோரு தடவை திறந்தேன் என்றாள். பதினோரு தடவையும் டை மேலேயே நின்றிருக்கிறது. ஏன் நின்றது? எனக்குத் தெரியவில்லை. நீதான் நிறுத்தினாய் என்று அவள் நம்புகிறாள்.

ஜெபா ஓடி வந்தது. போனில் வினாடி எண்ணிப் பார்த்தோம். மூன்று. "என்னண்ணே சொல்லுதீங்க, அப்டேட்டோட வந்த நோட்டைப் பூரா வாசிச்சேண்ணே. திருத்தம்னுதானே போட்டிருந்துச்சு," என்று திரும்பத் திரும்பச் சொன்னது. அதன் மேல் என்ன தப்பு? கம்பைலர்காரன் தன் கோளாறைச் சரிசெய்தான். அதைக் கண்டுபிடித்துச் சொன்னவன் நீ. எழுதி வைக்கவும் செய்தாய். அழித்தவன் ஒருவன்தான்.

கஸ்தூரி நசுங்கிய கொக்கியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். "அவரா இப்டி எழுதிட்டுப் போனாரு?" என்று கேட்டாள். இல்லை என்று மட்டும் சொன்னேன். பேனல் கதவைப் பற்றிச் சொல்ல அன்றைக்கு வாய் வரவில்லை. இன்றுவரை வரவில்லை. இதை அவள் படிக்கும்போதுதான் தெரிந்துகொள்வாள். உன் பேரில் ஒரு குற்றமும் இல்லை என்று அவளுக்குத் தெரிய வேண்டும், அதற்குத்தான் இவ்வளவும்.

மூன்றாம் நம்பர் இப்போது பத்திரம். ஜெபா இரண்டு டைமரையும் பிரித்து எழுதிவிட்டது, எந்த வெர்ஷன் வந்தாலும் ஆறு ஆறுதான். புதுக் கம்பைலரில் இன்னொரு திருத்தமும் உண்டு, தமிழில் குறிப்பு எழுதினால் திணறுவதில்லை. நீ எழுதியதில் இரண்டாவது வாக்கியத்தை மட்டும் அந்த வரிக்குப் பக்கத்திலேயே எழுதச் சொன்னேன். "டில்லியக் கேக்காமன்னே இருக்கட்டுமாண்ணே?" என்று ஜெபா கேட்டது. இருக்கட்டும் என்றேன்.

ஆனால் பத்துப் பன்னிரண்டு கம்பெனியில் போட்டேன் என்றாயே மாப்ளே. எந்தெந்தக் கம்பெனி? நீ வேலை பார்த்த ஆபீஸை மூடிவிட்டார்கள். பழைய ஃபைல் எதுவும் இல்லை என்று போனில் சொன்னார்கள். கடைசியில் கஸ்தூரிதான் உன் பிஸ்கட் டப்பாவை எடுத்து வந்தாள். குப்பையைச் சேர்க்கிறாய் என்று அவள் உன்னோடு சண்டை போடுவாளே, ஒவ்வொரு கம்பெனி வாசலிலும் உனக்குக் கொடுத்த அந்தக் கேட் பாஸ் சீட்டுகள். கூட்டிக் கழித்துப் பார்த்ததில் எங்களதைத் தவிர பன்னிரண்டு வாசல். ஞாயிற்றுக்கிழமையும் வார லீவுமாக நானும் ஜெபாவும் போய்க்கொண்டிருக்கிறோம். ஒன்பது வாசல் முடிந்தது. இரண்டு இடத்தில் ஏற்கெனவே புது வெர்ஷன் ஏறி, கதவு மூன்று வினாடியில் திறந்துகொண்டிருந்தது. நல்லவேளை, எல்லோருக்கும் பத்து விரலும் இருந்தது.

பத்தாவது வாசல் வல்லக்கோட்டைப் பக்கம். இன்றைக்குப் போனோம். செக்யூரிட்டி உள்ளே விடவில்லை. மெயின்டனன்ஸ் ஆள் ஒருவர் கேட்டுக்கு வந்து நான் சொன்னதையெல்லாம் கேட்டார். "எங்களுக்கு ஒரு கம்ப்ளைன்டும் இல்லீங்க. அப்டேட் பண்ணதுலேர்ந்து கதவு சீக்கிரமாத் தொறக்குது. மேனேஜருக்கு ரொம்ப சந்தோசம்," என்று சிரித்தார். அவர் பேசும்போதே உள்ளே பிரஸ் அடிக்கிற சத்தம் ரோடு வரைக்கும் கேட்டது. நடுவில் ஒரு தடவை நின்றது. நான் மனசுக்குள் ஒன்று, இரண்டு, மூன்று என்று எண்ணினேன். மறுபடி அடிக்க ஆரம்பித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நாளைக்கு உங்கள் கம்பெனி லெட்டர் கொண்டு வாருங்கள் என்றார். காலையில் கேட் திறப்பதற்கு முன்பே அங்கே நிற்பேன்.

மீதி இரண்டு சீட்டில் எழுத்தே இல்லை. பில் மெஷினில் அடித்த சீட்டு, நாள்பட வெளுத்து வெறும் காகிதமாகிவிட்டது. தேதியும் தெரியவில்லை, பேரும் தெரியவில்லை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து இந்தப் பக்கம் எத்தனை கேட் இருக்கிறது என்று உனக்குத் தெரியாதா? அந்த இரண்டு இடத்திலும் இந்நேரம் யாரோ ஒரு பெண் கதவு சீக்கிரம் திறக்கிறது என்று தன் அண்ணனிடம் சொல்லிக்கொண்டிருப்பாள். இதைப் படிக்கிறவர்களே, உங்கள் மெஷினின் கதவு இப்போதெல்லாம் சீக்கிரம் திறந்தால் சந்தோஷப்படாதீர்கள். கையை வெளியே வைத்துக்கொண்டு ஆறு வரை எண்ணுங்கள்.

நானே வந்து மாத்திடறேன் என்றாய். நீ வர முடியாது, நான் போகிறேன். அந்த இரண்டு வாசலும் அகப்படும்வரை நிறுத்த மாட்டேன். மார்க்கர் பேனா பாக்கெட்டில்தான் இருக்கிறது. போகிற ஒவ்வொரு பேனல் கதவிலும் உன் வாக்கியத்தை நான் எழுதிவிட்டுத்தான் வருவேன், எந்த ஆடிட் வந்தாலும் சரி.

படிக்காமல் உன் எழுத்தைத் துடைத்த,
உன் மச்சான்,
ஏழுமலை