சக்கரத்துள் அடைபட்டிருந்த கடல்

அன்புத் தம்பி,

நீ ஓட்டிவந்த நம் கோயில் டிராக்டரின் பின்சக்கர ரிம்கள் இற்றுப்போய்விட்டன. புதியவை பொருத்த, இந்த வாரம் ஈப்போவில் ஒரு பட்டறைக்குக் கொண்டுபோனோம். இடப்பக்கத்து டயரை நெம்பியதும் உள்ளிருந்து கறுத்த நீர் கொட்டிற்று. ரிம்மின் உட்புறம் முழுவதும் உப்புப் பூத்திருந்தது. சிமெண்டுத் தரையில் பரவிய அந்த நீரின் வாடையை நான் அறிவேன். அது லூமுட் கடலின் வாடை.

மேட்டில் தேரை இழுக்கும்போது சக்கரம் வழுக்காதிருக்க, எடைக்காக டயருக்குள் தண்ணீர் ஏற்றுவது தோட்டத்து வழக்கம். ஓர் ஆண்டு மாசி மகத்துக்கு லூமுட்டில் தீர்த்தமாடிவிட்டுப் பீப்பாய்களில் கடல்நீர் கொண்டுவந்தவன் நான். சுவாமி தேரை இழுக்கும் சக்கரத்துள் குழாய்த் தண்ணீர் எதற்கு, தீர்த்தமே இருக்கட்டும் என்றேன்.

"அண்ணே, இது உப்புலா. நல்ல தண்ணியே போதும்" என்றாய். நான் பதிலாக ஒரு பதிகத்தையே பாடினேன். நீ சிரித்தாய். "நீங்க பாட ஆரம்பிச்சா நான் எங்க பேசுறது? ஊத்துங்க."

சில ஆண்டுகள் கழித்து, தேர் பழைய தோட்டத்து மேட்டில் ஏறும்போது வலச்சக்கரத்து ரிம் வால்வின் ஓரமாகப் பிளந்தது. உள்ளிருந்த நீரெல்லாம் மழையோடு மழையாக ஓடிவிட்டது. சுவாமி நடுவீதியில் நனைந்தபடி நின்றார். சேற்றைக் கழுவாமல் போட்டு வைத்தாய், அதனால்தான் துரு ஏறிற்று என்று கோயில் கூட்டத்தில் பேசினார்கள். தலைமை ஏற்றிருந்த நானோ, வண்டியை வேறொருவரிடம் ஒப்படைப்பதே முறை என்றேன். கடல்நீரை நான் மறந்திருந்தேன் என்பது உண்மைதான். ஆனால் அது என்னை விடுவிக்கும் உண்மையன்று. சாவியைத் திருநீற்றுத் தட்டில் வைத்துவிட்டு நீ இறங்கிப் போனாய். அடுத்த ஆண்டு முதல், கண்மூடும் வரை, தேரின் பின்னால் முட்டுக்கட்டையைச் சுமந்து நடந்தாய்.

அந்த ரிம்மில் ஒட்டுப் போட்டு இத்தனை நாள் ஓட்டினோம். இடச்சக்கரத்தை எவரும் திறக்கவில்லை.

பட்டறையிலிருந்து நேரே உன் வீட்டுக்குப் போனேன். உன் மனைவி முருங்கைக் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நான் சொல்லி முடிக்கும் வரை அவள் கை நிற்கவில்லை.

"அவருக்கு அன்னைக்கே தெரியும்ண்ணே. உப்புதான் தின்னுருச்சுன்னு சொன்னாரு. கூட்டத்துல ஏன் சொல்லலன்னு சண்டை போட்டேன். 'அண்ணன் ஆசையா செஞ்சாரு. நான் சொன்னா அவரு இனிமே வாய் திறந்து பாடமாட்டாரு'ன்னாரு."

பிறகு, கீரைக் காம்புகளை ஒதுக்கியபடியே, "எனக்கு அது பொறுக்கல. இப்பவும்தான்" என்றாள்.

அவள் சொன்னது நியாயம். பொறுமையைப் பற்றியும் மன்னிப்பைப் பற்றியும் எத்தனையோ பாடல்களுக்கு நான் பொருள் உரைத்திருக்கிறேன். அவள் முன் அவை வெறும் ஓசையாயின.

வெள்ளிக்கிழமை பூசையில் எல்லார் முன்னிலையிலும் எழுந்து நடந்ததைச் சொன்னேன். பிழை என்னுடையது, உன்னுடையதன்று என்றேன். குருக்கள் தீபாராதனைத் தட்டை ஏந்தியபடி என்னைப் பார்த்தார். வழக்கம்போல் நான்தான் பாடவேண்டும்.

தொண்டை அடைத்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அடைக்கவில்லை, தம்பி. உன் நற்பெயரைக் கொடுத்து நீ காப்பாற்றிவிட்டுப் போன இந்தக் குரல், ஒரு பிசிறும் இல்லாமல் கணீரென்று எழுந்தது.